பத்திரம் எங்கே இருக்கிறது?



‘பத்திரம்’ என்னும் சொல் தமிழ் வழக்கில் இரண்டு பொருளைத் தாங்கி நிற்கிறது. நிலத்துக்கும் வீட்டுக்கும் எழுதிக்கொள்ளும் ஆவணமும் பத்திரமே. சேதமின்றிக் காக்கப்படும் நிலையும் பத்திரமே. வடமொழியில் வேறு வேறாக ஒலிக்கும் இரு சொற்கள் தமிழுக்கு வந்தபின் ஒரே உருவம் பெற்றன. ‘பத்திரத்தைப் பத்திரமாக வை’ என்று மூத்தோர் சொல்லி வந்தது இந்த இரண்டையும் சேர்த்தே. ஆயினும் அந்த நல்லுரையில் ஒரு குறை உண்டு. வைத்த இடத்தை யாரிடம் சொல்லி வைப்பது என்பதை அது கூறவில்லை. அக்குறையை நிரப்புவதே இவ்வுரையின் நோக்கம்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலை, அடிவாரத்தைக் கடந்ததும் 20 கொண்டை ஊசி வளைவுகளாக வளைந்து சேர்வராயன் மலைமீது செல்கிறது. இந்த அடிவாரத்தில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு வாழ்க்கை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. காப்பியும் மிளகும் விளையும் நிலம் மலைமேல்; வீடும் கடையும் கீழே; பிள்ளைகளோ பெங்களூரிலும் சென்னையிலும் அதற்கு அப்பாலும். மனிதர் பிரிந்திருப்பதைப் போலவே காகிதங்களும் பிரிந்திருக்கின்றன. பட்டா தோட்ட வீட்டுப் பெட்டியில், கிரயப் பத்திரம் வங்கிப் பெட்டகத்தில், காப்பீட்டுப் பத்திரம் எங்கோ ஒரு பழைய கோப்பில்.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் இம்மலைப்பாதையில் தனியார் பேருந்து ஒன்று கவிழ்ந்து உயிர்கள் பறிபோயின. அதே ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் கொணர்ந்த பெருமழையில் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. மேலே இருப்பதைக் கீழே கொண்டுவர முடியாத நாள் ஒன்று வரும் என்பதை அடிவாரத்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். குடும்பத் தலைவர் கட்டுப்பாடு மிக்கவர். எதையும் தவறவிடாதவர். வங்கி வைப்புத்தொகை, அஞ்சலகச் சேமிப்பு, காப்பீடு, நகைப் பெட்டகம் அனைத்தையும் தம் கையாலேயே நடத்தி வந்தவர். இரும்புப் பீரோவின் சாவி அவர் இடுப்பை விட்டு நீங்கியதில்லை. ‘உனக்கு ஏன் இந்தக் கவலை?’ என்று மனைவியிடம் அன்போடு சொல்லி வந்தவர். ஒருநாள் விடியற்காலையில் நெஞ்சுவலி வருகிறது. மருத்துவமனையில் கேட்கும் முதல் கேள்விகள் மூன்று: என்ன மருந்து உட்கொள்கிறார்? எந்த மருந்து ஒவ்வாது? மருத்துவக் காப்பீட்டு அட்டை எங்கே? நாற்பது ஆண்டு உடன் வாழ்ந்த அம்மையாரிடம் மூன்றுக்கும் விடையில்லை.

அவர் மறைந்தபின் துயரம் ஆறுவதற்குள் வேறொன்று அந்த வீட்டினுள் நுழைகிறது. ‘அப்பா எங்கெங்கே என்னென்ன போட்டு வைத்தார்?’ என்று மகள் கேட்கிறாள். உடனிருந்த மகன் தனக்குத் தெரியாது என்கிறான். அவன் சொல்வது உண்மை. ஆனால் தொலைவில் வாழும் தமக்கைக்கு அது உண்மை என்று எப்படித் தெரியும்? அண்ணியின் முகம் பார்த்து ஓர் ஐயம், மருமகனின் பேச்சைக் கேட்டு மற்றோர் ஐயம். தந்தை ஒரு தாளில் பத்து வரி எழுதி வைத்திருந்தால் பிறந்திருக்காத ஐயங்கள் அவை. செல்வம் தொலைந்தால் தேடிப் பெறலாம். உடன்பிறந்தார் நடுவே தொலைந்த நம்பிக்கையைத் தேட எந்த அலுவலகமும் இல்லை.

இஃது ஒரு வீட்டின் கற்பனை மட்டுமன்று. இந்திய வங்கிகளில் பத்து ஆண்டுகள் எவரும் உரிமை கோராத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கி 2014இல் ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகிறது. 2024 மார்ச்சு இறுதியில் அவ்வாறு சேர்ந்திருந்த தொகை 78,213 கோடி ரூபாய். அதில் ஒரு பகுதியாவது, வாரிசுகளுக்குச் செய்தி தெரியாமலே நின்றுபோனதாகத்தான் இருக்க வேண்டும். நிதிக்கு மாறிய பின்னும் உரியவர் வங்கியை அணுகிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். பல வங்கிகளில் கிடக்கும் இத்தகைய தொகைகளை ஒரே இடத்தில் தேடுவதற்காக 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ‘உத்கம்’ என்னும் இணையவாயிலையும் திறந்தது. ஆயினும், தேடுவதற்கு வாயில் அமைப்பதைவிடத் தேட வேண்டிய நிலை வராமல் காப்பதே அறிவுடைமை.

ஆகவே உறுதியாக மனங்கொள்ள வேண்டியது ஒன்று: ஒருவருக்கு மட்டுமே தெரிந்த பத்திரம் பாதுகாக்கப்பட்ட பத்திரம் அன்று, மறைக்கப்பட்ட பத்திரம்.

இதற்குச் செய்ய வேண்டுவன அரியன அல்ல. முதலாவது, ஓர் அட்டவணை. இல்லறத்தார்க்குரிய நோன்புகளில் பொருளுக்கு வரையறை செய்துகொள்வதும் ஒன்று. நிலம், மனை, பொன், வெள்ளி, தானியம் என இனம் பிரித்து எண்ணிப் பார்த்தாலன்றி வரையறை இல்லை. அதே ஒழுங்கில் இரண்டு பக்கத்துக்குள் எழுதிவிடலாம்: வங்கியும் கிளையும், அஞ்சலகக் கணக்கு, காப்பீட்டுப் பத்திர எண், பெட்டக எண், நிலத்தின் சர்வே எண், கிரயப் பத்திரமும் பட்டாவும் வில்லங்கச் சான்றும் இருக்கும் இடம். வர வேண்டிய கடனைப் போலவே தர வேண்டிய கடனும் அதில் இடம்பெற வேண்டும். கைமாற்றாக வாங்கிய தொகையை மறைத்துச் செல்வது பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் பழியாகும்.

இரண்டாவது, அவசர காலத் தாள். இரத்த வகை, நாள்தோறும் உண்ணும் மருந்துகள், ஒவ்வாமை, மருத்துவர் பெயர், காப்பீட்டு எண், அழைக்க வேண்டிய இருவரின் தொலைபேசி எண்கள் ஆகியவை அதில் இருந்தால் போதும். ஒரு படி வீட்டுக் கதவின் உட்புறத்திலும், ஒன்று பணப்பையிலும், ஒன்று மலைத்தோட்ட வீட்டிலும் இருக்கட்டும். உயிரைச் செயற்கையாக நீட்டிக்கும் சிகிச்சை குறித்து ஒருவர் தம் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைப்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இரு சாட்சிகள் முன்னிலையில், நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் சான்றோடு அதனை எழுதலாம்.

மூன்றாவது, நியமனமும் உயிலும். வங்கிக் கணக்கில் நியமனதாரர் பெயர் உள்ளதா என்று இன்றே பார்த்துவிட வேண்டும். மறைந்துபோன தந்தையின் பெயரே பல கணக்குகளில் நியமனதாரராக இன்றும் நிற்கக்கூடும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக்கு நால்வர் வரை நியமிக்கலாம். அவரவர்க்கு இத்தனை விழுக்காடு என்றும் குறிக்கலாம், ஒருவர்க்குப் பின் ஒருவர் என்றும் குறிக்கலாம். பெட்டகத்துக்கு இரண்டாவது முறை மட்டுமே பொருந்தும்.

நியமனதாரர் வேறு, உரிமையாளர் வேறு என்பதும் தெளிய வேண்டிய ஒன்று. நியமனதாரர் பெற்றுக்கொள்பவர், பெற்றதை உரிய வாரிசுகளிடம் சேர்ப்பிப்பது அவர் கடமை. பங்குகளைப் பொறுத்தும் இதையே உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் உறுதி செய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நியமிக்கப்பட்டால் தொகை அவர்களுக்கே உரியதாகிறது. எனவே உடைமை யாரைச் சேர வேண்டும் என்பதை உயில்தான் உரைக்க வேண்டும். முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயமில்லை. எழுதியவரின் கையொப்பமும், அதற்குச் சான்றாக இருவரின் கையொப்பமும் இன்றியமையாதவை. பயன்பெறுவோரைச் சாட்சியாக வைக்காதிருப்பது நலம். முத்திரையிட்ட உறையில் உயிலை மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் பதிவுச் சட்டம் வழி செய்கிறது. உயில் இல்லையெனில் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சமணர்க்கும் பொருந்தும். ஆண்மகன் ஒருவரின் சொத்தில் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு உயிருடன் இருக்கும் தாயும் சமபங்கு பெறுவார்.

நான்காவது, பகிர்வு. எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொடுப்பது பகிர்வு அன்று. அட்டவணையில் இடமும் எண்ணும் இருக்கட்டும். கடவுச்சொல்லும் இரகசிய எண்ணும் வேண்டா. அவை தனி உறையில், ஒட்டி, தேதியிட்டு, நம்பிக்கைக்குரிய ஒருவரிடமோ பெட்டகத்திலோ இருக்கட்டும். குடும்பத்தார் உரையாடும் வாட்ஸ்அப் குழுவில் ஆதார் படத்தையும் வங்கி எண்ணையும் இடுவது வீதியில் விரித்து வைப்பதற்கு ஒப்பாகும். ஆதார் நகல் தர நேர்ந்தால் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் படியே பல இடங்களில் போதும். அரசுச் சான்றுகளை டிஜிலாக்கரில் வைத்துக்கொண்டால் மழையும் கரையானும் அவற்றைத் தீண்டா. அட்டவணை இருக்கும் இடத்தை அறிந்தவர் இருவராவது வேண்டும். அவ்விருவரும் ஒரே கூரையின்கீழ் வாழாதவராய் இருப்பது நன்று. ஆண்டுக்கொரு முறை, இத்தகைய விழா நாளிலேயே அதனைத் திருத்திக்கொள்ளலாம்.

இழப்பு நேர்ந்தபின் செய்ய வேண்டியனவும் அவ்வட்டவணையின் இறுதியில் இருக்கட்டும். 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்து சான்றிதழ்ப் படிகள் பல பெறுதல். வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தல். வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்தல். பின்னர்ப் பட்டா மாற்றம். மறைந்தவரின் கைப்பேசி எண்ணை அவசரப்பட்டுத் துண்டிக்க வேண்டா. பல அலுவலகக் கடிதங்களின் திறவுகோல் அது. அதே வேளையில் அவருடைய ஏ.டி.எம். அட்டையைக் கொண்டு பணம் எடுப்பது முறையன்று. பிற்கால வழக்குக்கு அதுவே வித்தாகும்.

‘சாவைப் பற்றி இப்போது எதற்குப் பேச்சு?’ என்று தயங்குவோர் உண்டு. அவர்கள் தரசேனரை நினைக்க வேண்டும். கிர்நார் மலையின் சந்திரக் குகையில் வாழ்ந்த அம்முதுபெரும் ஆசாரியர், தம் நெஞ்சில் மட்டுமே எஞ்சியிருந்த ஆகம அறிவு தம்மோடு மறைந்துவிடுமே என்று கவன்றார் என்பது மரபு. தென்னாட்டில் கூடியிருந்த துறவியர்க்கு ஓலை விடுத்தார், இருவர் வந்தனர். ஒருவர்க்கு ஓரெழுத்து மிகுந்த மந்திரத்தையும் மற்றவர்க்கு ஓரெழுத்துக் குறைந்த மந்திரத்தையும் கொடுத்தார். பிழையை உணர்ந்து தாமே திருத்திக்கொண்டனர் இருவரும். தகுதி கண்டபின் அனைத்தையும் கற்பித்தார். அவ்விருவரே புட்பதந்தரும் பூதபலியும். புட்பதந்தர் முற்பகுதியை எழுதித் திராவிட நாட்டில் இருந்த பூதபலிக்கு அனுப்ப, அவர் எஞ்சியதை எழுதி நிறைவேற்றினார். அதுவே சட்கண்டாகமம். அது நிறைவுற்ற நாள் சுருத பஞ்சமியாகக் கொண்டாடப்படுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் வீரசேனர் எழுதிய தவளை உரையோடு மூடபித்திரி ஓலைச்சுவடிகளில் காக்கப்பட்டு, 1939 முதல் அது அச்சேறியது.

தரசேனர் இறப்பை அஞ்சவில்லை. சொல்லாமல் இறப்பதையே அஞ்சினார். ஒருவரை அன்று, இருவரை அழைத்தார். அழைத்தவுடன் கொடுத்துவிடவில்லை, தேர்ந்து கொடுத்தார். கொடுத்தபின் அமைதியுற்றார்.

இன்றிரவு வீடு திரும்பியதும் பீரோவைத் திறந்து, வாழ்க்கைத் துணையை அருகில் அமர்த்தி, ‘இது இங்கே இருக்கிறது’ என்று காட்டுவதற்கு அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரம் கழிந்தபின்தான் அவ்வீட்டுப் பத்திரம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லலாம்.