பழனிகுமார் எடுத்த படங்கள்

ஜவ்வாது மலையில் பாடம் நடத்துகிறேன். "உங்க அம்மா என்ன வேலை செய்றாங்க?" என்று ஏழாம் வகுப்பில் கேட்டேன். சாமைக்குக் களையெடுத்து, விறகும் சுமக்கும் தாயின் மகள், "வீட்ல சும்மாதான் சார் இருக்காங்க" என்றாள். நானும் பதிவேட்டில் 'இல்லத்தரசி' என்றே எழுதியிருந்தேன்.

மறுநாள் ஒளிப்படக் கலைஞர் எம்.பழனிகுமாரின் படங்களைத் திரையிட்டேன். மதுரை ஜவஹர்லால்புரத்துக்காரர், அம்மா மீன் விற்பவர். 2013இல் சொந்தக் கேமரா வாங்கினார். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். சட்டத்துக்குப் பிறகும் அள்ளுகிறவர்களைக் காட்டிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு (இயக்கம்: திவ்யபாரதி) ஒளிப்பதிவு செய்தார். அத்தொழிலாளர்களின் பிள்ளைகளை 'நானும் ஒரு குழந்தை' என்று கண்காட்சியாக வைத்தார். கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் ராமநாதபுரத்துப் பெண்களைப் படம் பிடித்தார். 2022இல் தயாநிதா சிங்–பாரி விருதை முதன்முதலில் பெற்றவரும் அவரே. விருதைச் சொன்னபோது வகுப்பு அசையவில்லை. தன் அம்மாவையே அவர் பல ஆண்டுகள் படமெடுத்தார் என்றதும் நிமிர்ந்தார்கள்.

அடுத்த வாரம் அந்த மாணவி அப்பாவின் செல்போனோடு வந்தாள். கொஞ்சம் ஆடிய படம்தான்: அம்மா முறத்தில் சாமை புடைக்கிறார். பதிவேட்டை எடுத்து, 'விவசாயி' என்று திருத்தினேன்.