பிள்ளைக்கு வாசிப்பு ஏறவில்லையா? காத்திருக்க வேண்டாம்

(ஸ்ரௌவ்வில்லில் புதிதாக வந்த பெற்றோருக்கான சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் சிலர் வழக்கு விசாரணைத் திகதிக்குக் காத்திருக்கிறீர்கள், சிலர் வேலைப் பத்திரத்துக்கு. அந்தத் தலையிடிக்குள்ளே பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டு வருகிறது: "உங்கள் பிள்ளை வாசிப்பில் பின்தங்கியிருக்கிறது." நாங்கள் என்ன சொல்கிறோம்? "இங்கிலீசு புதுசுதானே, போகப் போகச் சரிவரும்." ரீச்சரும் சில வேளை அதையே சொல்லுவார். பல பிள்ளைகளுக்கு அது உண்மைதான். ஆனால் சில பிள்ளைகளுக்கு மொழி புதிது என்பது காரணமல்ல. டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு காரணமாக இருக்கலாம். இரண்டு மூன்று வருசம் காத்திருந்து பார்ப்போம் என்றால், அந்த வருசங்களைப் பிறகு பிடிப்பது கடினம்.

நான் ஊரில் ஆசிரியையாக இருந்தபோது நாலாம் வகுப்பில் ஒரு பையன். வாய் நிறையக் கதை, கணக்கிலும் கெட்டி. வாசிக்கச் சொன்னால் பாடத்தை அப்படியே ஒப்புவிப்பான். ஒருநாள் பக்கம் மாறியது தெரியாமல் முந்தின பக்கத்தையே சொல்லிக்கொண்டு நின்றான். அப்போதுதான் விளங்கியது, அவன் வாசிக்கவேயில்லை, பாடமாக்கி வைத்திருக்கிறான். பஞ்சிக்காரன் என்று அவனை முழங்காலில் நிற்க விட்டேன். டிஸ்லெக்சியா என்ற சொல்லை அந்த நாளில் நான் கேள்விப்பட்டதே இல்லை. இவ்வளவுக்கும் 1896 இலேயே இங்கிலாந்தில் பிரிங்கிள் மோர்கன் என்ற வைத்தியர் இப்படியான பதினாலு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதிவிட்டார். வாய்மொழியாகப் படிப்பித்தால் இவன்தான் பள்ளிக்கூடத்திலேயே கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொல்லியிருந்தார். இது மொக்குத்தனமும் இல்லை, சோம்பலும் இல்லை. எழுத்தையும் ஒலியையும் பொருத்துகிற வேலை அந்தப் பிள்ளைகளுக்குக் கஷ்டம், அவ்வளவுதான்.

எப்படிச் சந்தேகப்படுவது? உங்களிடம் மட்டும் இருக்கிற ஒரு தகவல் பள்ளிக்கூடத்திடம் இல்லை: பிள்ளை தமிழில் எப்படி வாசித்தது என்பது. டிஸ்லெக்சியா ஒரு மொழியில் வந்து மற்ற மொழியில் இல்லாமல் போவதில்லை. ஆனால் தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் இங்கிலீசைவிட நெருக்கம் கூட. அதனால் பிழையில்லாமல், மிகவும் மெதுவாக, எழுத்தெழுத்தாக வாசிக்கிற பிள்ளைக்கும் அது இருக்கலாம். ல, ள, ழ பிழைப்பதை வைத்து முடிவு கட்டாதேங்கோ, அது எங்களில் பாதிப் பேருக்கு இருக்கிறது. ஒரு சொல்லின் முதல் ஒலியைப் பிரித்துச் சொல்ல முடியுதா? நேற்று வாசித்த சொல்லை இன்றைக்குத் தெரியுதா? குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்புக் கஷ்டமாக இருந்ததா? இது பரம்பரையாகவும் வரும். இடம்பெயர்வால், முகாம் வாழ்க்கையால் படிப்பு விட்டுப்போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கோ. படிக்காத வருசம் வேறு, படித்தும் ஏறாத வருசம் வேறு. சோதிக்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கோ. அகதிக் கோரிக்கையாளருக்கான இடைக்காலச் சமஷ்டி சுகாதாரத் திட்டப் பத்திரத்தை அந்தக் கிளினிக் ஏற்குமா, கையிலிருந்து ஏதும் கட்ட வேண்டுமா என்று முதலே போன் பண்ணிக் கேளுங்கோ.

பிறகு அதிபருக்கு ஒரு கடிதம். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும், எழுத்து நிற்கும். என் பிள்ளையின் வாசிப்பை மதிப்பீடு செய்யுங்கள், ஐ.பி.ஆர்.சி. கூட்டமும் வேண்டும் என்று எழுதித் திகதி போட்டு, ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கோ. ஐ.பி.ஆர்.சி. என்பது விசேட கல்வி தேவையான பிள்ளைகளை இனங்காணும் குழு. பெற்றோர் எழுத்தில் கேட்டால் ஒன்ராறியோவில் அதிபர் அதை மறுக்க முடியாது, 15 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். உளவியலாளர் செய்கிற முழுச் சோதனைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம். வெளியே செய்வித்தால் சில ஆயிரம் டொலர். கடன்பட்டுச் செய்ய ஓடாதேங்கோ. சோதனை முடியும்வரை பிள்ளை சும்மா இருக்கத் தேவையில்லை. ஐ.ஈ.பி. எனப்படும் தனிக் கல்வித் திட்டத்தையும் வாசிப்பு உதவியையும் சோதனை முடிவு இல்லாமலே தொடங்கலாம். அதையும் கடிதத்தில் கேளுங்கோ.

2022 பெப்ரவரியில் ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு வாசிக்கும் உரிமை பற்றி 157 பரிந்துரைகளோடு ஒரு அறிக்கை வெளியிட்டது. இங்கிலீசு படித்துக்கொண்டிருக்கிற பிள்ளை என்பதற்காக உதவியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. 2023 செப்டெம்பரிலிருந்து எஸ்.கே. முதல் தரம் 2 வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசிப்புப் பரிசோதனை உண்டு. "என்ன முடிவு?" என்று கேளுங்கோ. 2012 இல் மூர் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம், டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு விசேட கல்வி ஆடம்பரப் பொருளல்ல என்று தீர்ப்பளித்தது.

இனி, கூட்டம் முடிந்த பிறகு என்னிடம் தனியாக வந்து மெல்லிய குரலில் கேட்கிற கேள்வி. "இதை எழுத்தில் போட்டால் எங்கட கேசுக்குப் பாதிப்பு வருமா?"

வராது. அகதிச் சபை பார்ப்பது ஊரில் உங்களுக்கு என்ன ஆபத்து என்பதைத்தான். அகதியாக ஏற்கப்பட்டவருக்கு நிரந்தர வதிவிடம் தருகிறபோது மருத்துவச் செலவு கூடும் என்று மறுக்கிற விதி பொருந்தாது. மற்றவர்களுக்கும் 2018 ஜூனிலிருந்து விசேட கல்விச் செலவை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. மாணவர் கோப்பு பிள்ளையின் படிப்புக்கானது, நீங்கள் கேட்டு அதைப் பார்க்கலாம். வதிவிட அனுமதி இல்லாத பிள்ளையைக்கூட அந்தக் காரணத்துக்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று ஒன்ராறியோக் கல்விச் சட்டம் சொல்கிறது.

கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கோ. மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க விடாதேங்கோ. விளங்காத தாளில் அன்றைக்கே கையெழுத்து வைக்கத் தேவையில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்று சொல்லலாம்.

கடிதம் எழுத உதவி வேண்டுமானால் எங்களிடம் வாங்கோ. ரிப்போர்ட் கார்டும் பிள்ளையின் எழுத்துக் கொப்பியும் போதும், ஊர்ப் பள்ளிக்கூடக் கொப்பி இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளையைக் கூட்டி வரத் தேவையில்லை. தன்னைப் பற்றி நாங்கள் கதைப்பதை அது பக்கத்திலிருந்து கேட்க வேண்டாம்.