எதற்கென்று கேளுங்கள்

(தோட்டக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வீட்டுத் திறப்பை யாருக்கும் சும்மா கொடுப்போமா? மாட்டோம். ஆனால் அடையாள அட்டைப் போட்டோ கொப்பியை, லயத்துக்குக் கடன் கொடுக்க வருபவருக்கும் தவணைக்குச் சாமான் விற்க வருபவருக்கும் உடனே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். "இது எதுக்குங்க?" என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, நோய் விபரம், பிள்ளைகளின் விபரம் எல்லாம் நம்முடைய உடைமைதான்.

இவற்றைக் காப்பதற்காகவே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டது. விபரம் வாங்குபவர் காரணத்தைச் சொல்ல வேண்டும். தேவைக்கு மேல் கேட்கக் கூடாது. பிழையிருந்தால் திருத்தச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. நோய் விபரம், கைரேகை, பிள்ளைகளின் விபரம் ஆகியவற்றுக்குக் கூடுதல் பாதுகாப்பு. மீறுபவருக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டம் என்று 2022இல் எழுதப்பட்டது.

இச்சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வருவதாக இருந்து, பின்போடப்பட்டன. அதே ஆண்டில் சட்டமும் திருத்தப்பட்டது. சட்டம் மெதுவாகத்தான் நடக்கும். திருடன் காத்திருக்க மாட்டான். ஆகவே நம் காவல் நம் கையில்.

முதலாவது, கடைக் கடனுக்கு ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் அடகு வைக்கும் பழக்கத்தை விடுவோம். சம்பளம் விழுந்த அன்றே எவ்வளவு எடுத்தார்கள் என்று நமக்கே தெரியாமல் போகும். இரவு பகல் பாராமல் உழைத்த காசு அது.

இரண்டாவது, "பேங்க்ல இருந்து பேசுறோம், பரிசு விழுந்திருக்கு, போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க" என்றால் சொல்லாதீர்கள். எந்த வங்கியும் அந்த நம்பரைக் கேட்காது.

மூன்றாவது, கொப்பி கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அதன் குறுக்கே "இந்தக் கடனுக்கு மட்டும்" என்று எழுதித் திகதி போடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் படிக்கிற பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.

காசு போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே வங்கிக்குச் சொல்லி அட்டையை நிறுத்துங்கள். பிறகு பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். அனுமதியில்லாமல் பிறர் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம்; ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

கடைசியாக ஒன்று. நாங்கள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் "இது எதுக்கு?" என்று கேளுங்கள். கோபிக்க மாட்டோம். பதில் சொல்வது எங்கள் கடமை.