ஓய்வும் உழைப்பாளியின் உரிமையே!

(வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த மூத்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேசப்போவது வேலைநிறுத்தத்தைப் பற்றியல்ல, தேர்தலைப் பற்றியுமல்ல. வேலையை விட்டு நின்ற பிறகு உழைப்பாளியின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதைப் பற்றித்தான். "இதில் பேச என்ன இருக்கிறது?" என்று சிலர் நினைக்கலாம். நிறைய இருக்கிறது. ஒரு சமுதாயத்தின் லட்சணம் தெரிய வேண்டுமானால், அது தன் வயதான உழைப்பாளியை எந்த நிலையில் வைத்திருக்கிறது என்று பார்த்தால் போதும்.

முதலில் நம் மில் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். ரோடியர் மில், சவானா மில், கெப்ளே மில் என்று மூன்று பஞ்சாலைகள் புதுச்சேரியில் இருந்தன. பின்னாளில் அவை ஏ.எப்.டி., சுதேசி, பாரதி என்று பெயர் மாறின. வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சைக்கிளில் போனவர்கள் உண்டு. சோற்றுத் தூக்கோடு நடந்தே போனவர்களும் உண்டு. சங்கு ஊதினால் ஊரே மணி தெரிந்துகொள்ளும். 1898இல் தொடங்கிய ஏ.எப்.டி. 2020இல் மூடப்பட்டது. சங்கு ஓய்ந்துவிட்டது. ஆனால் உடம்பு ஓயவில்லை. காலை 4 மணி ஆனால் கண் தானே விழித்துக்கொள்கிறது. முப்பது ஆண்டு ஷிப்டு பார்த்த உடம்பு அது!

எழுந்தவர் என்ன செய்கிறார்? வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து இருமுகிறார். மில்லில் விழுங்கிய பஞ்சுத் தூசு நெஞ்சை விட்டுப் போகவில்லை. பிறகு டீக்கடை. அங்கே பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார். ரேஷன் கடைக்குப் போகிறார். ரேஷன் கடைகளை மூடிவிட்டு, அரிசிக்குப் பதிலாக வங்கியில் காசு போட்ட ஆண்டுகளையும் இதே கிழவர்கள்தான் பார்த்தார்கள். 2024 அக்டோபரில் கடைகள் மறுபடி திறந்தன. மக்கள் விடாமல் கேட்டதைத்தான் சர்க்கார் கடைசியில் செய்தது. மாலையில் கோயில் திண்ணையிலோ ஏரிக்கரையிலோ பழைய தோழர்கள் கூடிப் பேசுகிறார்கள்.

இவ்வளவோடு நின்றால் நல்ல வாழ்க்கைதான். ஆனால் இருட்டியதும் நம் தோழர்களில் பலர் எங்கே போகிறார்கள்? காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் தடியோடு, ஏதாவதொரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார்கள். மாலை போனால் மறுநாள் காலைதான் வீடு. 12 மணி நேரம்!

தோழர்களே, இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். 1936 ஜூலை 30ஆம் தேதி இந்தப் புதுச்சேரி மண்ணில், பிரெஞ்சுக்காரன் துப்பாக்கிக்கு 12 தொழிலாளிகள் மார்பு கொடுத்தார்கள். எதற்காக? மனிதனாக வாழ்வதற்காக, வேலை நேரத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதற்காக. தோழர் வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பலனாக 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. எட்டு மணி வேலை, எட்டு மணி தூக்கம், மீதி எட்டு மணி நமக்கே சொந்தம் என்பது உலகத் தொழிலாளி வர்க்கத்தின் முழக்கம். வாலிபத்தில் எட்டு மணி நேர உரிமையோடு வேலை பார்த்த அதே தொழிலாளி, அறுபத்தைந்து வயதில் 12 மணி நேர வேலைக்குத் திரும்பிப் போகிறார் என்றால், அந்தத் தியாகிகளின் ரத்தத்துக்கு இந்தச் சமுதாயம் காட்டும் மரியாதை இதுதானா?

அவர் ஆசைப்பட்டுப் போகவில்லை. பென்ஷன் கணக்கு அவரைத் தள்ளுகிறது. அந்தக் கணக்கை நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். தொழிலாளர் பென்ஷன் திட்டம் 1995 நவம்பர் 16இல் வந்தது. பென்ஷனுக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 15,000 ரூபாய் சம்பளமும் கணக்கில் 35 ஆண்டும் இருந்தால் 7,500 ரூபாய். அதாவது ஆயுளில் பெரும்பகுதியைக் கொடுத்தவனுக்கும் பாதிதான். நம் தோழர்கள் பலருக்கு அந்தச் சம்பளமும் இல்லை. அத்தனை ஆண்டும் இல்லை. 2014 ஆகஸ்டு வரை கணக்குக்கு எடுத்த சம்பளத்தின் உச்சவரம்பே 6,500 ரூபாய்தான். 2014 செப்டம்பரில், குறைந்தது 1,000 ரூபாய் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். பத்து ஆண்டு கடந்தும் அந்த ஆயிரம் ஆயிரமாகவே நின்றது. நாளைக்கு 33 ரூபாய்! சர்க்கார் உத்தியோகஸ்தரின் பென்ஷனுக்குப் பஞ்சப்படி உண்டு. விலை ஏறினால் அதுவும் ஏறும். மில் தொழிலாளியின் பென்ஷனுக்குப் பஞ்சப்படி கிடையாது. கத்தரிக்காய்க்காரி இவருக்கு மட்டும் பழைய விலைக்குத் தருவாளா?

இது மில் தொழிலாளியின் கதை. பாகூர்ப் பக்கத்து விவசாயத் தொழிலாளியின் கதை இதைவிடக் கொடுமை. மில் தொழிலாளிக்காவது 58 வயது என்று ஒரு தேதி இருக்கிறது. நடவு நடும் தாய்க்கு எந்தத் தேதி இருக்கிறது? பாகூர் ஏரி நிரம்பினால் கழனியில் வேலை. இல்லாவிட்டால் மல்லாட்டை பறிக்க, கரும்புக்குச் சோலை உரிக்க, ஆடு மேய்க்க. அறுபது வயதிலும் குனிந்த முதுகு நிமிர்வதில்லை. அறுவடை இயந்திரம் வந்தபின் அரிவாள் பிடித்த கைகளுக்கு அறுப்பும் போயிற்று. 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் வயது உச்சவரம்பு வைக்கவில்லை. அதனால் பல்லுப்போன கிழவிகளும் மண்வெட்டி எடுத்தார்கள். பத்திரிகைகள் இதைப் பார்த்துக் கேலி செய்தன. கேலிக்கு இதில் என்ன இருக்கிறது? சாப்பாட்டுக்கு வழியிருந்தால் எந்தப் பாட்டி வெயிலில் மண் சுமக்க வருவாள்?

வேலை இல்லாத நாளிலும் அவளுக்கு ஓய்வு இல்லை. விடியற்காலம் வாசல் பெருக்கி, தண்ணீர் பிடித்து, மருமகள் கூலிக்குப் போனபின் குழந்தையைப் பார்த்து, அடுப்பு மூட்டி, வரட்டி தட்டி... ஆண்பிள்ளை மில்லை விட்டு நின்றால் அதற்கு ரிடையர்மென்ட் என்று பெயராவது இருக்கிறது. பெண்ணின் உழைப்புக்கு அந்தப் பெயரும் கிடையாது.

அவளுக்கு மத்திய சர்க்கார் என்ன தருகிறது? முதியோர் பென்ஷன் திட்டம் 1995 ஆகஸ்டு 15இல் தொடங்கியபோது மத்திய சர்க்காரின் பங்கு 75 ரூபாய். பின்னர் அது 200 ஆயிற்று. 80 வயதுக்கு மேல் 500. அந்த 200 ரூபாய் ஆண்டுக்கணக்கில் அசையவே இல்லை. நாளைக்கு ஏழு ரூபாய்கூடத் தேறாது! புதுச்சேரி சர்க்கார் தன் பங்கைச் சேர்ப்பதால்தான் நம் கிழவர்கள் கையில் நாலு காசு நிற்கிறது. 2019இல் அமைப்புசாராத் தொழிலாளருக்கென்று இன்னொரு திட்டம் போட்டார்கள். மாதாமாதம் பணம் கட்டினால் 60 வயதில் 3,000 ரூபாயாம். ஆனால் 18 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்தான் சேரலாம். முதுகு ஒடிய உழைத்து முடித்தவருக்கு அதில் இடமில்லை!

"சர்க்காரிடம் பணம் எங்கே இருக்கிறது?" என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். நம் ஊரிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கும் சொல்தாக்களை நாம் அறிவோம். 1962 ஆகஸ்டு 16இல் இணைப்பு ஒப்பந்தம் சட்டப்படி நடப்புக்கு வந்த பிறகும், அவர்களுக்கு வரவேண்டிய காசு கடல் கடந்து வருகிறது. அது ராணுவப் பென்ஷன். ஆனால் பிரான்சில் மில் தொழிலாளிக்கும் பென்ஷன் உண்டு. அதை எந்த ராஜா தானம் செய்தான்? யுத்தத்தில் நொறுங்கி, ரொட்டிக்கே ரேஷன் இருந்த 1945இல்தான் அந்த நாட்டில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கு அடித்தளம் போட்டார்கள். அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழில் மந்திரி அம்ப்ருவாஸ் க்ருவாசா ஓர் உலோகத் தொழிலாளி, கம்யூனிஸ்டு. கஜானா நிரம்பிய பிறகு அது வரவில்லை. தொழிலாளி வர்க்கம் பலத்தோடு நின்ற நேரத்தில் வந்தது. 2023இல் அங்கே ஓய்வு வயதை 62இலிருந்து 64 ஆக்கச் சட்டம் கொண்டுவந்தபோது லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். ஓய்வின் அருமை அதைப் போராடிப் பெற்றவனுக்குத் தெரியும்.

ஆகவே நாம் என்ன செய்ய வேண்டும்? கையில் இருக்கும் உரிமையை முதலில் விடாமல் பிடிக்க வேண்டும். வாழ்நாள் சான்று கொடுக்கத் தவறிப் பென்ஷன் நின்றுபோனவர்கள் நம்மில் உண்டு. தொழிலாளர் பென்ஷனுக்கு அந்தச் சான்று கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். நூலிழுத்தும் மண்வெட்டி பிடித்தும் விரல்ரேகை தேய்ந்துபோனவர்கள் கவலைப்பட வேண்டாம். கைபேசியில் முகத்தைக் காட்டியும் சான்று தரலாம். ஒவ்வொரு கிராமத்திலும் இரண்டு வாலிபர்கள் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். பென்ஷன்காரர் கண்ணை மூடினால் மனைவிக்குப் பாதிப் பென்ஷன் உண்டு. அந்தக் காகிதங்கள் எங்கே இருக்கின்றன என்று இன்றைக்கே வீட்டில் சொல்லி வையுங்கள். ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் வைத்தியம் கிடைக்க வழியுண்டு. இதைத் தெரியாமல் நெஞ்சு வலிக்குக் கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர்!

அடுத்தது, ஒற்றுமை. மில் கிழவரும் கழனிக் கிழவியும் ஒரே தெருவில் இருக்கிறோம். தனித்தனியாக மனு எழுதுகிறோம். இனி ஒரே மனுவாகக் கொடுப்போம். வயிறு நிறையும் பென்ஷன், விலைவாசிக்குத் தக்க பஞ்சப்படி, மத்திய சர்க்காரின் 200 ரூபாய்க்கு முடிவு. இந்த மூன்றையும் எல்லோரும் சேர்ந்து கேட்போம்.

கடைசியாக, நம் கையில் இருக்கும் பொழுதைப் பற்றி ஒரு வார்த்தை. டீக்கடையில் பத்திரிகை படிப்பவர் இன்னும் உரக்கப் படிக்கட்டும். சேதராப்பட்டுத் தொழிற்சாலைகளில் ஒப்பந்தக் கூலியாய் நிற்கும் வாலிபனுக்கு, ஜூலை 30 என்றால் என்ன என்று நாம் சொல்லாமல் யார் சொல்வது? சங்கச் சந்தா எப்படி வசூலிப்பது, மேஸ்திரியிடம் எப்படிப் பேசுவது, பயப்படாமல் எப்படி நிற்பது என்பதெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்காத படிப்பு. அந்தப் படிப்பு நம்மிடம் இருக்கிறது. அதை அடுத்த தலைமுறை கையில் ஒப்படைப்போம்.

வேலையிலிருந்துதான் ஓய்வு, தோழர்களே! போராட்டத்திலிருந்து அல்ல!

தொழிலாளர் விவசாயத் தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!