பெயர்ப் பட்டியலும் கணினியும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டது. கணினி அதைச் செய்யும், இதைச் செய்யும் என்று புகழ்பாட எனக்கு மனமில்லை. ஒரே ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். வரி வரியாக எழுதப்பட்ட ஒரு பட்டியலைக் கணினி எப்படித் துண்டு போடுகிறது, துண்டு போடும்போது எங்கே தவறுகிறது என்பதே அது. சின்ன விஷயம்தானே என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் பிள்ளையின் பெயர் பரிசுப் பட்டியலில் வருமா, உதவிநிதிப் பட்டியலில் வருமா என்பது சில வேளைகளில் இதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பெரியவர்கள் அந்தக் காலத்துப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் கிராணி செக்ரோலைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார். ஆளுக்கு ஒரு வரி. கோடு போட்ட கட்டங்களில் வேலைநாள் கணக்கு. கட்டம் மாறி எழுதிவிட்டால் ஒருவர் கூலி இன்னொருவருக்குப் போய்விடும். கணினிக் கோப்பில் கோடு கிடையாது. கோட்டுக்குப் பதிலாகக் காற்புள்ளி, அதாவது கமா. ‘கவிதா,4,கணிதம்,87’ என்று ஒரு வரி. பெயர், ஆண்டு, பாடம், மதிப்பெண் என நான்கு கட்டம்.

பைத்தான் என்று ஒரு கணினி மொழி இருக்கிறது. பிள்ளைகளே, மலைப்பாம்பு என்று பயப்படாதீர்கள்! நெதர்லாந்து நாட்டுக்காரரான குயிடோ வான் ரொஸ்ஸம் 1991-இல் அதை வெளியிட்டார். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த ஒரு நகைச்சுவைத் தொடரின் பெயரிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார். அந்த மொழியில் ‘ஸ்ப்ளிட்’ என்று ஒரு கட்டளை. கமாவில் வெட்டு என்று சொன்னால், மேலே சொன்ன வரியை நான்கு துண்டாக்கி வரிசையாக நம் கையில் கொடுக்கும். இவ்வளவுதான். கத்தி நல்ல கத்தி. ஆனால் கத்திக்கு எது பெயர், எது மதிப்பெண் என்று தெரியாது.

இப்போது முகவரியைச் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘எண் 12, ஜாலான் மெலோர், 08000 சுங்கை பட்டாணி’. இதற்குள்ளேயே இரண்டு கமா. மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் ஜாலான் மெலோர் வந்து உட்கார்ந்துகொள்ளும். கமா வேண்டாம், சாய்கோட்டில் வெட்டுவோம் என்பீர்கள். நம்மவர் அடையாள அட்டையில் பெயருக்கு நடுவே ஏ/எல், ஏ/பி என்று வருகிறதே, அது சாய்கோடு இல்லையா? பிள்ளை ஒரு கட்டத்தில், தகப்பன் அடுத்த கட்டத்தில்! சரி, இடைவெளியில் வெட்டுவோம் என்றால் அதிலும் ஒரு கண்ணி. எதில் வெட்டுவது என்று சொல்லாமல் ‘ஸ்ப்ளிட்’ போட்டால், எத்தனை இடைவெளி சேர்ந்தாற்போல் வந்தாலும் அதை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். தேர்வுக்கு வராத பிள்ளைக்கு ஒரு பாடத்தை வெற்றிடமாக விட்டிருந்தால், அந்த வெற்றிடம் காணாமற்போய், அடுத்த பாடத்து மதிப்பெண் நகர்ந்து அந்த இடத்தில் ஏறிவிடும். கமாவில் வெட்டினாலோ, அடுத்தடுத்து இரண்டு கமா வந்தால் நடுவில் ஒரு வெற்றுத் துண்டு கிடைக்கும், இடம் மாறாது. அதனால் மதிப்பெண் பட்டியலுக்கு இடைவெளியில் வெட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

தவறு நேர்ந்தால் பைத்தான் என்ன செய்யும்? இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். நான்கு துண்டு எதிர்பார்த்து நான்கு பெயரில் வாங்கும்போது மூன்றே துண்டு வந்தால், ‘வேல்யூ எரர்’ என்று கத்திவிட்டு நின்றுவிடும். எத்தனை எதிர்பார்த்தாய், எத்தனை வந்தது என்றுகூடச் சொல்லும். இல்லாத நான்காவது துண்டைக் கேட்டால் ‘இண்டெக்ஸ் எரர்’. வெற்றுத் துண்டை எண்ணாக மாற்றச் சொன்னாலும் கத்தும். கத்தட்டும்! கத்துகிற தவறு நல்ல தவறு. பயப்பட வேண்டியது கத்தாத தவறுக்கு. ஐந்து துண்டு வந்திருக்கும்போது நான்காவதை மட்டும் எடு என்றால், அது சத்தமில்லாமல் எடுத்துக் கொடுத்துவிடும். அது யாருடைய நான்காவது, எந்த நான்காவது என்று கேட்க ஆள் இல்லை.

இந்தக் கத்தலை அடக்க ‘ட்ரை’, ‘எக்செப்ட்’ என்று ஒரு வழி உண்டு. முயன்று பார், முடியாவிட்டால் இதைச் செய் என்று பொருள். ஆனால் அவசரக்காரர்கள் ‘முடியாவிட்டால் சும்மா இரு’ என்று எழுதிவிடுகிறார்கள். அதற்கும் ஒரு சொல் இருக்கிறது, ‘பாஸ்’. பள்ளிக்கூடத்தில் பாஸ் என்றால் தேறியது. இங்கே பாஸ் என்றால் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போ. வேலை ஒழுங்காக முடிந்தது போலத் தெரியும். அச்செடுத்த பட்டியலும் அழகாக இருக்கும். எந்தப் பிள்ளையின் வரி பழுதோ, அந்தப் பிள்ளை மட்டும் அதில் இருக்காது. அம்மா அலுவலகத்து முகப்பில் போய்க் கேட்டால், ‘கம்ப்யூட்டரில் இல்லையே’ என்பார்கள். கம்ப்யூட்டர் என்ன செய்யும் பாவம்!

ஆகவே, வெட்டியவுடன் துண்டுகளை எண்ண வேண்டும். நான்கு இல்லையென்றால் அந்த வரியை எறியக்கூடாது. வரி எண்ணையும் வரியையும் அப்படியே தனிக் கோப்பில் ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற வரிகளைத் தொடரலாம். ஒதுக்கியதை மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடைசியில் கிராணி கணக்குத்தான்: படித்தது 143 வரி என்றால், ஏற்றது 140, ஒதுக்கியது 3 என்று கூட்டிப் பார்த்துச் சரியாக வர வேண்டும். வராவிட்டால் அச்சுக்குக் கொடுக்காதே.

முகவரிக்குள் வரும் கமாவுக்கும் வழி இருக்கிறது. அந்தக் கட்டத்தை இரட்டை மேற்கோளுக்குள் அடைத்து எழுதுவது நெடுநாள் வழக்கம். 2005-இல் இணையத் தகவல் ஆவணமாகவும் அதை எழுதி வைத்தார்கள். மேற்கோளைப் புரிந்து பிரிப்பதற்கென்றே பைத்தானில் ‘சிஎஸ்வி’ என்ற பகுதி உண்டு. வெறும் ‘ஸ்ப்ளிட்’ மேற்கோளை மதிக்காது, இது மதிக்கும். ஆனாலும் ஒரு வரியில் மூன்று துண்டும் அடுத்ததில் ஐந்து துண்டும் இருந்தால் இதுவும் வாய் திறக்காது. எண்ணும் வேலை நம்முடையதே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். துண்டு சரியாக வந்தாலும், அதை எண்ணாக மாற்றும்போது முன்னால் இருக்கும் 0 போய்விடும். 08000 என்ற அஞ்சல் குறியீடு 8000 ஆகும். 2000 முதல் 2009 வரை பிறந்த உங்கள் மூத்த பிள்ளைகளின் அடையாள அட்டை எண் 0-வில்தானே தொடங்குகிறது? பன்னிரண்டு இலக்கம் குறைந்துவிடும். கூட்டிக் கழிக்காத எண்ணை எழுத்தாகவே வைத்திருக்க வேண்டும்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். புத்தாண்டுப் பதிவுக்குப் பாரம் வரும்போது, பிள்ளையின் பெயரைப் பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் எழுதுங்கள். முகவரியில் வீட்டு எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும் விடாதீர்கள். ஆறாம் ஆண்டு மாணவர்களே, திங்கட்கிழமை கணினி அறைக்கு வாருங்கள். பத்து வரிப் பட்டியல் ஒன்று தருகிறேன். அதில் மூன்று வரி பழுது. எந்த மூன்று என்று உங்கள் நிரல் எனக்குச் சொல்லட்டும்.