பச்சை அட்டையும் பருத்திச் சட்டையும்

ஆடை வாங்குவோர் முன்னர் நிறத்தையும் நெசவையும் விலையையுமே நோக்கினர். இன்று மேனாட்டுக் கடைகளில் ஆடையோடு ஒரு பச்சை அட்டையும் தொங்குகின்றது. ‘இயற்கைக்கு இசைந்தது’, ‘பொறுப்புணர்வோடு ஆக்கப்பட்டது’ என்பன போன்ற நன்மொழிகள் அதிற் காணப்படும். எதனிலும் பார்க்க, எவ்வளவு இசைந்தது என்று வினவினால் அட்டை வாய் திறப்பதில்லை. இலங்கையில் தைக்கப்படும் ஆடைகளிற் பெரும்பகுதி அச்சந்தைகளுக்கே செல்வதை நேயர்கள் அறிவர். ஆதலின் இஃது அயலார் வழக்கன்று.

நோர்வே நாட்டு நுகர்வோர் அதிகாரசபை 2022ஆம் ஆண்டில் இவ்வினாவையே எழுப்பிற்று. நொரோனா என்னும் அந்நாட்டுக் கம்பனி, சேதன முறையில் விளைந்த பருத்தியாலான தன் சட்டைகள் சூழலுக்குக் குறைந்த கேடே விளைப்பன என விளம்பரஞ் செய்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பெற்றது ஹிக் என்னும் சுட்டெண். அதனை ஆக்கியதோ ஆடைக் கம்பனிகளும் உறுப்பினராயுள்ள ஒரு கூட்டமைப்பு. மாணவர் தாமே வினாத்தாளாக்கித் தாமே புள்ளியிடுவதற்கு இஃது ஒருபுடை ஒக்கும்.

அச்சுட்டெண் தந்தது உலகச் சராசரியே. பருத்தி எங்கும் ஒரே வகையாக விளைவதில்லை. மழையை நம்பி விளையும் நிலங்கள் உள. ஆற்றைத் திருப்பி விளைவிக்கும் நிலங்களும் உள. மத்திய ஆசியாவில் 1960 முதலாக அமு தாரியா, சீர் தாரியா ஆறுகளின் நீர் பெரிதும் பருத்திக்குத் திருப்பப்பட்டமையாலன்றோ ஆரல் கடல் வற்றியது! இவ்விருவகை நிலங்களையும் ஒருங்கே கூட்டி வகுத்துப் பெற்ற எண், கடையில் தொங்கும் இந்தச் சட்டையைப் பற்றி யாது கூறும்? விளம்பரம் நுகர்வோரை மயக்குவது என அதிகாரசபை தீர்த்தது. எச் அன்ட் எம் கம்பனியையும் எச்சரித்தது.

அதே ஆண்டில் ஒல்லாந்து அதிகாரிகள் வினவியபோது, எச் அன்ட் எம் 500,000 யூரோவும் டெகாத்லன் 400,000 யூரோவும் சூழற்பணிகளுக்கு வழங்கவும், தெளிவற்ற சொற்களைத் திருத்தவோ கைவிடவோ செய்யவும் உடன்பட்டன. அக்கம்பனிகளின் விற்பனையை நோக்க இத்தொகை சிறிது. ஆயினும் சொல்லுக்குக் கணக்குக் கேட்கப்பட்டமை சிறிதன்று.

பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி நூலாக்குவதும் பெருமையாகப் பேசப்படுகின்றது. போத்தல் மீண்டும் போத்தலாகலாம். சட்டையானபின் பெரும்பாலும் குப்பையையே சேரும். ஆடைக்குப் பயன்படும் பொருளில் நூற்றிலொரு பங்கேனும் மீண்டும் புத்தாடையாவதில்லை என எலன் மக்காதர் மன்றம் 2017இல் எடுத்துக்காட்டிற்று.

சட்டை ஒன்றுக்குரிய நீர் குறைந்தது என்று கூறும் அட்டை, சட்டைகள் எத்தனை பெருகின என்று கூறுவதில்லை. 2000 தொடக்கம் 2015 வரையில் உலக ஆடை உற்பத்தி ஏறத்தாழ இரு மடங்காயிற்று என்பதும் அம்மன்றத்தின் கணிப்பே.