ஏதிலியரைக் கேளாத உடன்பாடுகள்

இந்த டோல்கேட்டுக்கு வடக்கே, எண்ணூரில், பர்மா நகர் இருக்கிறது. நேவின் ஆட்சியில் கடையும் நிலமும் இழந்து கப்பலேறி வந்த தமிழர் குடியமர்ந்த இடம். அவர்கட்கு இந்நாட்டுக் குடியுரிமையேனும் கிட்டிற்று.

1964-இல் சாத்திரியும் சிறிமாவோவும் மலையகத் தமிழரை ஆட்டுமந்தைபோல் எண்ணிப் பிரித்தனர்: 5,25,000 பேர் இங்கு, 3,00,000 பேர் அங்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு! அவருள் எவரையேனும் கேட்டனரா?

1983 முதல் வந்த ஈழத்தமிழர்க்கோ முகாமே முகவரி. 1987 இந்திய-இலங்கை உடன்பாடு அவர்கள் திரும்புவதை ஒரு வரியில் முடித்தது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமோ ஏறிட்டும் பார்க்கவில்லை. முகாமிலேயே பிறந்து வளர்ந்தோர் எந்நாட்டினர்?

படையினர் பிடியிலுள்ள நிலம் மீளட்டும். திரும்ப விரும்புவோர் திரும்பட்டும். இங்கிருக்க விரும்புவோர்க்குக் குடியுரிமை தருக!